ஈகை அன்று, கடன்!

மலை அழகியது. மறுப்பார் யார்? முகில் வந்து தழுவும் முகடுகளும், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவுகளும், பனித்துளி தாங்கிய தளிர்களும் கண்டு மயங்காத கண் உண்டோ? கவிஞன் பாடுகிறான், ஓவியன் தீட்டுகிறான், ஓய்வு தேடும் செல்வன் மாளிகை கட்டுகிறான். ஆனால் தோழர்களே, அந்தக் கம்பளத்தை விரித்த கை எது என்று கேட்டால் கவிஞனும் விழிப்பான், செல்வனும் விழிப்பான்! இயற்கை விரித்த கம்பளமன்று அது. தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகி நிற்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துக் கத்தி வைத்து, இடையறாது தளிரைக் கிள்ளி, இடுப்பளவுக்கு மேல் எழவிடாமல் வைத்திருப்பதால்தான் அது கம்பளமாகக் காட்சி தருகிறது. "இதற்கு மேல் வளராதே!" என்று செடிக்கு இட்ட கட்டளையை, அச்செடிகளுக்கு நடுவே நின்று கொழுந்து கொய்த மனிதர்க்கும் சேர்த்தே இட்டது ஒரு காலம். அக்கட்டளையின் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஆசிரியன், திருமயம் பக்கத்தவன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். எங்கள் மண் செம்மண். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கண் நிறையும். பொட்டலும் தைலமரக் காடும் முந்திரித் தோப்பும் நிறைந்த எங்கள் வட்டாரத்துக்கும் தேயிலைக்கும் என்ன உறவு, டீக்கடைக் கண்ணாடித் தம்ளரைத் தவிர என்று எவரும் கேட்கலாம். உறவு உண்டு, மிக நெருங்கிய உறவு. மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு, கல்லூரித் தோழர் ஒருவர் அழைத்தார். நீலமலையில், கோத்தகிரி சுற்றிய தேயிலை நாட்டில், மூன்று நாள் நடைப்பயணம். இன்பச் சுற்றுலா அன்று, அறநடை. நடப்போர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரிடம் சென்று, "நான் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருக" என்று கேட்டு நிதி திரட்டுவது. திரண்ட நிதியைத் தோட்டத் தொழிலாளர் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுப்பது. ஆசிரியர் சிலர், வங்கி எழுத்தர் ஒருவர், கடை வைத்திருப்போர் இருவர், வேலை தேடுவோர் சிலர் என நாங்கள் பதினால்வர். ரூ. 62,000 சேர்ந்தது.

இம்முறையை நான் எள்ளவில்லை. இலங்கையில் 2011-ஆம் ஆண்டு தென்கோடியிலுள்ள தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுவதற்கு நிதி திரட்டினர். போரின் வடு ஆறாத நாட்டில், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடந்த கால்கள் நன்மையே செய்தன. நடப்பது நன்று, கொடுப்பதும் நன்று. ஆனால் எதை நினைத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது செய்தி. புறப்படும் நாளன்று எங்களில் ஒருவர், "கால் வலிக்கும், ஆனால் புண்ணியம் சேரும்!" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "புண்ணியத்தை எந்த வங்கியில் கட்டுவது?" என்று எங்கள் வங்கி எழுத்தரைக் கேட்டேன். அனைவரும் நகைத்தனர். நகைப்போடு நகைப்பாக அப்பேச்சு போயிற்று, கேள்வி போகவில்லை.

முதல் நாள் நடையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பனி, படம், பாட்டு, பாதவலி! வழியில் தோட்டங்களில் பெண்கள் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். நாங்கள் கையசைத்தோம், அவர்களும் அசைத்தனர். நாங்கள் சுமந்தது முதுகுப்பை. அவர்கள் சுமந்ததும் முதுகுப்பை. எங்கள் பையில் ரொட்டியும் தண்ணீர்ப் புட்டியும். அவர்கள் பையில் எங்கள் காலைத் தேநீர்!

இரண்டாம் நாள், சரிவொன்றில் வரிசையாக வீடுகள் அமைந்த ஒரு குடியிருப்பை அடைந்தோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் வாழுமிடம். சிறு தோட்டக்காரர்களிடம் நாட்கூலிக்குக் கொழுந்து எடுப்பது அவர்கள் தொழில். முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் குழந்தைகள் கூடியிருந்தனர். பதாகையைப் பிடித்தோம். குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்துக் குறிப்பேடுகளும் எழுதுகோல்களும் வழங்கி, படம் எடுப்பது ஏற்பாடு. பனி கொட்டியது. படம் சரியாக அமையவில்லை என்று வரிசையை இருமுறை கலைத்து அமைத்தார் எங்கள் தோழர்.

திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். குரலில் சினமில்லை.

"வரிசை எங்களுக்குப் புதுசா தம்பி? விடியக்காலம் பெரட்டுக் களத்துல நின்ன காலு இது. பேரு கூப்புடுற வரைக்கும் நிக்கணும். புள்ளைகளையாவது உக்கார வச்சுக் குடுங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு. அந்த ஒரு சொல்லில் ஒன்றரை நூற்றாண்டு நின்றது! எங்கள் தோழர் நல்லவர். உடனே பதாகையைச் சுருட்டினார். குழந்தைகள் அமர்ந்தனர், நாங்களும் தரையில் அமர்ந்தோம். கொடுப்பவர் நிற்பதும் பெறுபவர் நிற்பதும் ஒழிந்தபின் பேச்சுப் பிறந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார் மூதாட்டி.

"புதுக்கோட்டைங்க ஆயா."

அவர் முகம் மாறியது. "புதுக்கோட்டைச் சீமையா? எங்க பூட்டன் ஊரு அந்தப் பக்கந்தான். நான் பாத்ததில்ல. எங்க அப்பாவும் பாத்ததில்ல" என்றார். பார்த்திராத ஊரைத் தம் ஊர் என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த உரிமையை, அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் குரலிலும் நான் கேட்டதில்லை.

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்றே புரட்டவேண்டும். தேயிலை நாட்டில் முதன்முதல் நடந்த கூட்டம் நாங்கள் பதினால்வர் அல்லோம். எங்களுக்கு முன்பே ஒரு நடை நடந்தது. அதற்குப் பதாகை இல்லை, படம் இல்லை.

1820-களில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டி மலைநாட்டில் காப்பித் தோட்டம் தொடங்கினர். உழைக்க ஆள் வேண்டும். தமிழகத்தில் பஞ்சமும் பண்ணையடிமையும் பசித்த வயிறுகளைப் படைத்துக்கொண்டிருந்தன. திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், இராமநாதபுரம் ஆகிய வட்டாரங்களிலிருந்தும், தொண்டைமான் அரசர் ஆண்ட எங்கள் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் மக்கள் புறப்பட்டனர். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. தோணியேறி மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மீண்டும் நடை. யானைக் காடு; தண்ணீர் இல்லாத தடம்; வாந்திபேதி, குளிர்காய்ச்சல். விழுந்தவரைப் புதைக்கவும் நேரமின்றி நடந்தவர் உண்டு. அந்த வழியில் புதையுண்டோரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 1869-இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றித் தோட்டங்களை அழித்தது. ஆனால் முதலாளியின் கணக்கு அழியவில்லை. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுக் காட்டியிருந்தார். காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே, வந்து வந்து போன மக்கள் அங்கேயே வாழும் மக்களாயினர். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் கங்காணியின் வேலையை இன்னும் எளிதாக்கிற்று.

கங்காணி முன்பணம் கொடுத்தான்; கடன் எழுதினான். வழிச்செலவு கடன், கம்பளி கடன், அரிசி கடன்! தோட்டம் மாறவேண்டுமானால் "துண்டு" என்ற சீட்டு வேண்டும். இந்த ஆள்கள் இவ்வளவு கடன்பட்டவர். இதைக் கட்டுவோர் இவர்களைக் கொண்டு செல்லலாம் என்பது அச்சீட்டின் பொருள். மாட்டுச் சந்தையில் தரும் சீட்டும் இதைவிட மரியாதையானது! 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. வசிப்பதற்கு "லயம்": ஒரே கூரை, வரிசை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஒரு நாள் கூலிக்கு அம்மக்கள் வழங்கிய சொல் என்ன தெரியுமா? "பேர்." குறித்த எடை கொழுந்து கொய்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தவள் அன்றைக்கு அரை மனுஷி! புதுமைப்பித்தன் 1930-களில் "துன்பக்கேணி" என்ற கதையில் இத்தோட்ட வாழ்வை எழுதினார். படிக்காத தோழர்கள் படித்திடுக.

நாளெல்லாம் உழைத்துப் "பேர்" வாங்கிய மக்களின் பெயரை, நாடு விடுதலை பெற்றதும் ஏட்டிலிருந்தே அடித்தார்கள்! 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்கள் தம் வாக்கால் 7 உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே, 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. பின்னர் 1964 அக்டோபர் 30-இல் புதுதில்லியில் இலால்பகதூர் சாஸ்திரியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பிறகு பேசினர், 1974-இல்; ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டனர். தேங்காய் பிரிப்பதும் மாங்காய் பிரிப்பதும் கண்டிருக்கிறோம்; மக்களைப் பிரித்ததும் கண்டது நம் நூற்றாண்டு! "உங்களுக்கு எங்கே வாழ விருப்பம்?" என்று அம்மக்களைக் கூட்டி வைத்துக் கேட்டபின் போட்ட கணக்கன்று அது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். அவர்களுக்காகவே 1968-இல் தமிழ்நாடு அரசு நீலமலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அதுவே 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கி வருகிறது. ஆயினும் கழகத் தோட்டங்களில் இடம் பெற்றவர் ஒரு பகுதியினரே. ஏனையோர் தாமாகவே மலையேறி, கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தனர்.

எங்களோடு பேசிய மூதாட்டி 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அப்போது வயது பத்தொன்பது. "அங்க கள்ளத்தோணின்னாக, இங்க சிலோன்காரின்னாக. ரெண்டு எடத்துலயும் எம்பேரச் சொல்லி யாரும் கூப்புடல" என்றார்.

பிறகு உள்ளே சென்று, நெகிழிப் பையில் சுற்றிய ஒரு பழைய தாளை எடுத்து வந்தார். தாயகம் திரும்பியோர்க்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டை. அவர் பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், நன்றாகப் படிப்பவள். கல்லூரியில் சேர்வதற்கும் உதவித்தொகை பெறுவதற்கும் சாதிச் சான்று வேண்டும். ஓர் அலுவலகத்தில், "பூர்வீக ஊரில் விசாரிக்கவேண்டும், அங்கே போய் எழுதி வாங்கி வா" என்றனர். அட்டையில் எழுதியிருந்த இடமோ திருச்சி மாவட்டம், திருமயம் வட்டம். இவர்கள் திருச்சிக்குப் போனார்கள். "எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு வட்டமே இல்லையே!" என்று திருப்பி அனுப்பிவிட்டனர். இதே சுழலில் சிக்கித்தான் மூத்த பேத்தி படிப்பை விட்டுத் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போனாளாம்.

தோழர்களே, விடை எவ்வளவு எளியது பாருங்கள்! புதுக்கோட்டைச் சீமை 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அவர்கள் அட்டை எழுதப்பட்டது அதற்கு முன்னால். பின்னர்ப் பொன்னமராவதியும் தனி வட்டமாகப் பிரிந்தது. அவர்கள் ஊரோ பொன்னமராவதிக்குப் பக்கத்துச் சிற்றூர். மக்கள் நகர்ந்தார்கள், உண்மை. அவர்கள் நகர்ந்தபின் தாளில் ஊரும் நகர்ந்துவிட்டது! எட்டாம் வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்ளும் இச்செய்தியை அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. குறிப்பேடு கொடுக்க பதினால்வர் வந்தோம். குறிப்பு எடுத்துக் கொடுக்க ஒருவரும் இதுகாறும் போகவில்லை.

பொங்கல் விடுமுறையில் அச்சிற்றூருக்குப் போனேன். ஊர்ப் பெயர் அட்டையில் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து கிடந்ததால், இரண்டு ஊர் அலைந்து மூன்றாம் ஊரில் கண்டேன். ஆலமரத்தடியில் பெரியவர்கள் இருந்தனர். செய்தியைச் சொன்னேன். முதற் கேள்வி என்ன தெரியுமா?

"அவுக எந்தத் தெரு?"

நூறாண்டுக்கு முன் பசியால் ஊரைவிட்டு ஓடிய ஒரு மனிதனைப் பற்றிக் கேட்டால், உயிரோடு இருந்தானா, பிள்ளைகள் நலமா என்ற கேள்வி வரவில்லை. எந்தத் தெரு என்ற கேள்வி வந்தது! கடல் கடந்தவனையும் கைவிடாமல் தொடர்கிறது தெரு. அட்டையில் கண்ட சாதியைச் சொன்னேன். சற்றுநேரம் அமைதி. பின் எண்பதைக் கடந்த ஒரு முதியவர் கைத்தடியை நீட்டிக் காட்டினார்.

"அதா, அந்தக் கண்மாய்க் கரைக்குக் கீழ தெரியுதே, அதுக்குப் பேரு சிலோன்காரன் கொல்லை. எங்க அப்பாரு காலத்துலயே அந்தப் பேருதான். பஞ்சத்துல அடகு வச்சிட்டுப் போனாக, மீட்க வரல."

மனிதன் போய்விட்டான், மண் அவன் பெயரைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. அங்கே "பேர்" வாங்க உழைத்தவனுக்கு, இங்கே ஒரு கொல்லையில் மட்டும் பேர் மிஞ்சியிருக்கிறது! அதுவும் அவன் தந்தை இட்ட பெயரன்று. ஊர் இட்ட பட்டப்பெயர்.

அக்கொல்லையை இன்று உழுபவர் அங்கேதான் இருந்தார். அவர் முகம் இறுகிற்று. "இப்ப எதுக்கு வாத்தியாரே இதெல்லாம் கெளப்புறீக? நெலத்தக் கேட்டு வர்றாகளா?" என்றார். அவர் அச்சம் எனக்கு விளங்கியது. அவரும் ஏழைதான், இருப்பது ஒரு கொல்லை. "நிலம் கேட்டு வரவில்லை ஐயா. தாம் இந்த ஊரார் என்ற ஒரு வரி எழுத்துக் கேட்கிறார்கள். ஒரு பெண் கல்லூரிக்குப் போகவேண்டும்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "எங்க வீட்டுலயும் ஒரு புள்ள படிக்கிது" என்று மட்டும் சொன்னார். வாக்குமூலத்தில் முதியவரும் அவரும் கையெழுத்திட்டனர். கிராம நிர்வாக அலுவலரிடம் அதைக் கொடுத்தோம். மாவட்டம் பிரிந்த வரலாற்றைக் காட்டும் அரசு வெளியீட்டின் பக்கத்தைப் படியெடுத்து இணைத்தேன்.

"சாதி ஒழிக என்று முழங்கும் நீ, சாதிச் சான்றுக்காக அலைந்தாயே!" என்று ஒரு நண்பர் கேலி செய்தார். இளைஞர் பலர்க்கும் இவ்வையம் இருப்பதால் விடை சொல்கிறேன். சாதியின் பெயரால் தெருவை மறுத்தனர், கிணற்றை மறுத்தனர், ஏட்டை மறுத்தனர். அம்மறுப்புக்கு ஈடு கேட்கும் சீட்டே அச்சான்று. சாதியைப் போற்றும் பட்டயமன்று. காயம்பட்டவன் கையில் மருத்துவச் சீட்டைக் கண்டு, "காயத்தை விரும்புகிறாயா?" என்று கேட்பவன் அறிவாளியா?

எங்கள் பதினால்வரும் மீண்டும் கூடினோம். எஞ்சியிருந்த பணத்தை என் செய்வது என்று விவாதம். அடுத்த ஆண்டும் குறிப்பேடு வாங்கலாம் என்றனர் சிலர். நான் என் கருத்தைச் சொன்னேன்: குறிப்பேடு வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் குறிப்பேட்டின் ஆயுள் ஓராண்டு, ஆவணத்தின் ஆயுள் ஒரு தலைமுறை. நீண்ட பேச்சுக்குப்பின் உடன்பட்டனர். எஞ்சிய பணத்தை மனு எழுதவும், படியெடுக்கவும், பூர்வீக ஊர்களுக்குப் போய்வரவும் செலவிட்டோம். அக்குடியிருப்பில் பதினொரு குடும்பத்தின் தாள்களை எடுத்து வரிசைப்படுத்தினோம். ஆனி மாதத்துக்குள் மூன்று குடும்பங்களுக்குச் சான்று கிடைத்தது. எட்டு இன்னும் நிலுவையில். அம்மூதாட்டியின் பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். "புண்ணியம் சேரும்" என்று புறப்பட்ட தோழர்தான் இன்று அந்த எட்டு மனுக்களையும் விடாமல் துரத்திக்கொண்டிருப்பவர்! இப்போது அவர் புண்ணியம் என்பதில்லை; பாக்கி என்கிறார். எட்டுப் பாக்கி!

அச்சொல்லே சரியான சொல். கங்காணியின் ஏட்டில் தொழிலாளி என்றும் கடனாளி. அந்த ஏட்டைத் தலைகீழாகத் திருப்பிப் படித்துப் பாருங்கள். காட்டைக் கழனியாக்கியது யார் உழைப்பு? நெடுங்காலம் இலங்கைக்கு அயல்நாட்டுப் பணத்தைக் குவித்துக் கொடுத்த தேயிலை யார் கொய்தது? மலைமேல் இருப்புப்பாதை ஏறியது எதைச் சுமக்க? அவ்வுழைப்புக்கு முழுக் கூலி கொடுக்கப்படவில்லை, முகவரி கொடுக்கப்படவில்லை, நிலம் கொடுக்கப்படவில்லை. அப்படியானால் கடன்பட்டவர் யார்? கடன் பட்டவன் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஈந்தேன், ஈந்தேன்!" என்று பறைசாற்றினால், கேட்பவர் நகையாரோ? "போன பிறவியின் பயன், அவர்கள் தலைவிதி" என்று ஆறுதல் கூறுவோர் இன்றும் உளர். தலையில் எழுதியவன் எவனும் இல்லை; தாளில் எழுதியவர்கள்தாம் உண்டு. துண்டில் எழுதினர், சட்டத்தில் எழுதினர், ஒப்பந்தத்தில் எழுதினர். தாளில் எழுதியதைத் தாளில் அடித்துத் திருத்த மனிதனால் முடியும். திருத்தியும் இருக்கிறார்கள்: இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கி 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. விதி மாறவில்லை, விதித்தவர் எழுத்து மாறிற்று, போராட்டத்தால்!

இன்று இலங்கை மலைநாட்டில் "பீக்கோ தடம்" என்ற பெயரில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைப்பாதை ஒன்று உண்டு. கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 பகுதிகள். உலகெங்கிலுமிருந்து மலை விரும்பிகள் வந்து நடக்கின்றனர். பழைய தோட்டப் பாதைகளைக் கோத்து அமைத்த தடம் அது. நடப்போர் நடக்கட்டும், மகிழட்டும். அப்பாதைகளை முதலில் தேய்த்த பாதங்கள் செருப்பறியாதவை என்று ஒரு பலகையாவது அவர்கள் நெஞ்சில் மாட்டப்படவேண்டாமா?

அதே நாட்டில் 2023-ஆம் ஆண்டு வேறொரு நடையும் நடந்தது. மலையகத் தமிழர் இலங்கை மண்ணில் கால்வைத்து இரு நூற்றாண்டு நிறைவதை நினைந்து, சூலை 28-இல் தலைமன்னாரில் புறப்பட்டு, முன்னோர் நடந்த திசையிலேயே நடந்து, ஆகஸ்டு 12-இல் மாத்தளையை அடைந்தனர். அது நிதி திரட்டும் நடையன்று. எங்களைச் சமமான குடிமக்களாக மதியுங்கள், வாழ நிலம் கொடுங்கள், எங்கள் உழைப்பின் வரலாற்றை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாட்டை நோக்கிக் கேட்ட நடை. வழியில் தமிழரோடு சிங்களரும் முஸ்லிம்களும் வரவேற்றனர். முன்னோர் தலைகுனிந்து நடந்த வழியில் பேரர்கள் தலைநிமிர்ந்து நடந்தனர். அறநடைக்கும் உரிமை நடைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஒன்றில் நடப்பவன் பேசுகிறான், வழியோரத்தான் கேட்கிறான்; மற்றொன்றில் வழியோரத்தானே நடக்கிறான், நாடு கேட்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துத் தோழர்களுக்கு ஒரு சொல். நீலமலைக்குப் போகத்தான் வேண்டுமென்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இலேனாவிளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் ஈழத்திலிருந்து வந்தோர் முகாம்கள் உள்ளன. 2021 முதல் அவற்றின் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். தமிழகத்து முகாம்களில் வாழ்வோரில் மலையகத்தின் வழிவந்தோரும் பலர். நூறாண்டுக்கு முன் இங்கிருந்து போனவரின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கேயே அகதி என்ற பெயரோடு இருக்கக்கூடும்! உங்கள் ஊரில் "சிலோன்காரன் கொல்லை" இருக்கிறதா? "கண்டிக்காரர் வீடு" இருக்கிறதா? முதியவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். ஊரும் பேரும் எழுதிவையுங்கள். படித்த இளைஞனின் கையில் இருக்கும் எழுதுகோலுக்கு இதைவிடப் பெரிய வேலை வேறென்ன?

மலை ஏற விரும்புவோர் ஏறுங்கள். நிதி திரட்ட விரும்புவோர் திரட்டுங்கள். ஆனால் போகுமுன் ஒரு கேள்வியைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்: "உங்களுக்கு என்ன கொடுக்கலாம்?" என்ற கேள்வியன்று. "உங்களுக்கு எங்களால் வரவேண்டியது என்ன?" என்ற கேள்வி. முன்னதற்கு விடை கடையில் கிடைக்கும். பின்னதற்கு விடை தேட நடக்கவேண்டியிருக்கும். மலைமேல் மட்டுமன்று, நம் ஊர்த் தெருவிலும்.